குண்டும் கதிரும்

தொலைபேசியை உருவாக்கியவர் என்றே அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை (1847–1922) உலகம் அறியும். உடலுக்குள் மறைந்த பொருளைத் தேடி அவர் பட்ட பாட்டைப் பலர் அறியார்.

1881 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு எங்குத் தங்கியதென அறிய, மருத்துவர்கள் கழுவாத விரல்களால் காயத்தைத் துழாவினர். எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. உலோகத்தை நெருங்கினால் தொலைபேசிக் குழலில் ஒலி எழுப்பும் மின்தூண்டல் கருவியுடன் பெல் வெள்ளை மாளிகைக்கு விரைந்தார். தலைமை மருத்துவரோ வலப்பக்கத்தை மட்டுமே ஆராய இசைந்தார். படுக்கையின் உலோகச் சுருள்களும் கருவியைக் குழப்பின. செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார். குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. கருவியை மட்டும் பழித்தல் முறையன்று.

வெளியிலிருந்து பாயும் கதிர்கள் நலமான திசுக்களைக் கடந்தே ஆழத்திலுள்ள புற்றுக்கட்டியை அடைகின்றன. ஆகவே ரேடியத்தை நுண்ணிய கண்ணாடிக் குழலில் அடைத்துக் கட்டியின் நடுவிலேயே வைக்கலாம் என 1903இல் பெல் மருத்துவர் ஒருவருக்கு எழுதினார்.

இன்று புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கு அரிசியளவே ஆன கதிர்விதைகளைப் பதிக்கின்றனர். மீயொலிப் படத்தைப் பார்த்தே ஊசியைச் செலுத்துகின்றனர்; பின்னர் சி.டி. ஸ்கேன் எடுத்து ஒவ்வொரு விதையின் இடத்தையும் குறித்து, கட்டி பெறும் கதிரளவைக் கணக்கிடுகின்றனர்.