நிக்கொலாய் ரோஸ்லாவெத்ஸ் வாழ்வும் ருஷ்யப் பாட்டாளி இசைஞர் சங்கமும்

புரட்சியை வரவேற்ற கலைஞன் ஒருவனே புரட்சியின் பெயரால் விலக்கப்பட்ட வரலாறுகள் இலக்கியத் துறையில் பலவாகப் பேசப்பட்டுள்ளன. இசைத்துறையில் அத்தகைய வரலாற்றுக்கு முதன்மைச் சான்றாக நிற்பவர் நிக்கொலாய் ஆந்திரேயவிச் ரோஸ்லாவெத்ஸ் (1881-1944).

அவரது பிறப்பைப் பற்றிய செய்தியிலேயே சிக்கல் தொடங்குகிறது. ரோஸ்லாவெத்ஸ் தம் வாழ்க்கைக் குறிப்பை ஒரு முறைக்கு மேல் எழுதியுள்ளார். அக்குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. 1924இல் இசை இதழ் ஒன்றில் வெளிவந்த குறிப்பு, அவரைத் துஷாத்தினோ என்னும் சிற்றூரின் உழவர் குடியில் பிறந்தவராகக் காட்டுகிறது. பிற ஆவணங்களோ இருப்புப்பாதை எழுத்தர் ஒருவரின் மகனாகக் காட்டுகின்றன. இதனை வெறும் நினைவுப் பிழையாகக் கொள்ள இயலாது. குடிப்பிறப்பே ஒருவரின் நம்பகத்தன்மைக்கு அளவுகோலாகிவிட்ட காலத்தில், உழவர் மகன் என்னும் அடையாளம் ஒரு காப்பாகவே பயன்பட்டிருக்க வேண்டும். அக்காப்பு அவருக்குப் போதவில்லை என்பதைப் பின்னைய நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

குர்ஸ்க் நகரில் தொடக்க இசைப் பயிற்சி பெற்ற அவர், 1902இல் மாஸ்கோ இசைக் கல்லூரியில் சேர்ந்தார். ஹ்ரிமாலியிடம் வயலினும் வசிலென்கோவிடம் இசையாக்கமும் பயின்று, பைரனின் நாடகத்தை அடியொற்றிய இசைப்படைப்பிற்காக வெள்ளிப் பதக்கத்துடன் 1912இல் கல்வியை நிறைவு செய்தார். ஓவியர் மலேவிச்சின் நட்பும் எதிர்காலவாதிகளின் தொடர்பும் அவரைப் புதுமையின்பால் ஈர்த்தன. 1913 அளவில் அவர் வகுத்த ‘தொகுப்புச் சுரக்கூட்டு’ முறையே அவரது நிலைத்த பங்களிப்பு ஆகும். ஆறு முதல் எட்டு, சிலபோது அதனினும் மிகுதியான சுரங்கள் கொண்ட ஒரு கூட்டினை அடிப்படையாகக் கொண்டு, அதனைப் பன்னிரு சுரத்தானங்களுக்கும் பெயர்த்து, அதிலிருந்தே இன்னிசை வரியையும் ஒத்திசைவையும் பெறுவது இம்முறை. இதனை ஷோன்பெர்க்கின் பன்னிருசுர முறையின் நிழலாகக் காணும் வழக்கம் சரியன்று. ரோஸ்லாவெத்ஸின் முறை காலத்தால் முந்தியது.

1917இன் புரட்சியை அவர் முழுமனத்துடன் ஏற்றார். யெலெத்ஸ் நகர சோவியத்தில் பொறுப்பு வகித்தார். பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகினார். கார்கிவ் நகரில் இசைக் கல்விப் பணியாற்றிய பின் மாஸ்கோ திரும்பி, அரசுப் பதிப்பகத்திலும் அரங்க நிகழ்ச்சிகளைத் தணிக்கை செய்யும் அமைப்பிலும் பணிபுரிந்தார். பிறர் படைப்பின்மீது ஒப்புதல் முத்திரை இடும் அதிகாரம் அவர் கையிலும் இருந்தது. எனவே அவரை முற்றிலும் ஒடுக்கப்பட்டவராக மட்டுமே வரைந்து காட்டுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது.

1923 ஜூனில் ருஷ்யப் பாட்டாளி இசைஞர் சங்கம் மாஸ்கோவில் தோன்றியது. ஏறத்தாழ அதே காலத்தில் புத்திசையை வளர்க்கும் தற்கால இசைச் சங்கமும் உருப்பெற்றது. முன்னது இசையை வர்க்கப் போரின் கருவியாகக் கண்டது; கூட்டாகப் பாடத்தக்க எளிய பாடலே உழைப்பாளிக்கு உரியது என்றது; பழைய இசையாசிரியருள் பேத்தோவன், முசோர்க்ஸ்கி ஆகிய இருவரையே பெரிதும் போற்றியது. நகர்ப்புறக் கேளிக்கைப் பாடல்களையும் ஜாஸ் இசையையும் அது புத்திசைக்கு இணையான பகையாகவே கருதியது. பின்னதன் முன்னணியில் நின்ற ரோஸ்லாவெத்ஸ், 1924இல் ‘இசைப் பண்பாடு’ என்ற இதழுக்கு ஆசிரியராயிருந்து எதிர்வாதம் தொடுத்தார். இசை என்பது ஒலிகளின் ஒழுங்கமைப்பு. அதில் வர்க்கக் கருத்தியலைத் தேடுவது வீண். கலையைத் தாழ்த்தாமல் உழைப்பாளியை உயர்கலைக்கு அழைத்துச் செல்வதே புரட்சியின் கடன் என்பது அவர் வாதத்தின் சாரம். மூன்றே இதழ்களில் அவ்வேடு நின்றுபோயிற்று.

உழைப்பாளருக்கான பாடல்களை அவர் எழுதாமலும் இல்லை. உழைக்கும் பெண்களைப் பற்றியும் புரட்சியைப் பற்றியும் எளிய நடையில் பாடல்கள் அமைத்தார். புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவிற்காக ‘அக்டோபர்’ என்னும் குழுப்பாடல் படைப்பை 1927இல் இயற்றினார். அடுத்த ஆண்டில் ‘கொம்சொமோலியா’ வந்தது. ஆயினும் பாட்டாளி இசைஞர் சங்கத்தாருக்கு இவை நிறைவளிக்கவில்லை. அவர்கள் எதிர்த்தது அவரது இசையை மட்டுமன்று, இசை தன்னளவில் ஆராயத்தக்கது என்னும் அவரது கோட்பாட்டையே எனலாம்.

1929 முதல் சங்கத்தின் கை ஓங்கியது. தவிதென்கோ, பேலி முதலிய இளம் இசையாசிரியர்கள் அதில் இணைந்தனர். மாஸ்கோ இசைக் கல்லூரியின் பெயரே மாற்றப்பட்டது. ரோஸ்லாவெத்ஸ் முதலாளிய வடிவவாதி என்றும் வர்க்கப் பகைவர் என்றும் பழிக்கப்பட்டார். தணிக்கைப் பணியில் கேளிக்கை இசைக்கு இடமளித்தார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. தணிக்கையாளராயிருந்தவரே இப்போது விசாரிக்கப்படுபவராக நின்றார். 1930இல் அவர் தம் கருத்துகளைத் தவறென வெளிப்படையாக ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

1931இல் தாஷ்கந்து சென்று அங்குள்ள இசையரங்கில் பணியாற்றினார். பருத்தியைப் பொருளாகக் கொண்ட ‘பாக்தா’ என்னும் நடன நாடகம் அங்கு உருவான படைப்பு. அவர் அங்கிருந்தபோதே, 1932 ஏப்ரல் 23 அன்று, கட்சியின் நடுவண் குழு இலக்கிய, கலை அமைப்புகளை மாற்றியமைக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. பாட்டாளி இசைஞர் சங்கமும் கலைக்கப்பட்டது. தற்கால இசைச் சங்கம் அதற்கு முன்பே செயலற்றுப் போயிருந்தது. எதிரி அமைப்பு மறைந்தும் ரோஸ்லாவெத்ஸின் நிலை உயரவில்லை. 1933இல் மாஸ்கோ திரும்பியவருக்குச் சிறு ஆசிரியப் பணிகளே வாய்த்தன. புதிதாக அமைந்த இசையாசிரியர் ஒன்றியம் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. பக்கவாதத்தால் நலிந்து, 1944 ஆகஸ்டு 23இல் மறைந்தார். வகான்கோவோ கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தில் நெடுங்காலம் பெயர்க்கல் இல்லை.

கையெழுத்துப் படிகளில் ஒரு பகுதி அவர் மனைவியின் முயற்சியால் மாஸ்கோவின் அரசு ஆவணக் காப்பகத்தை அடைந்தது. 1960களின் இறுதியில் ஜெர்மானிய ஆய்வாளர் கோயோவி அவரது சுரமுறையைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1925இல் இயற்றப்பெற்ற முதல் வயலின் கான்செர்ட்டோ 1980களின் இறுதியிலேயே மாஸ்கோவில் முழு இசைக்குழுவுடன் ஒலித்தது. முற்றுப்பெறாத படிகள் சிலவற்றை ரஸ்கத்தொவ் போன்ற பிற்கால இசையாசிரியர்கள் நிறைவு செய்துள்ளனர். அவற்றுள் ரோஸ்லாவெத்ஸின் கை எதுவரை, நிறைவு செய்தவரின் கை எதுமுதல் என்பதைப் பிரித்துணரும் பணி பதிப்பாய்வாளரைச் சார்ந்தது.