ஸர் ஜேம்ஸ் யங் ஸிம்ஸன்

ஸ்காத்லாந்து தேசத்திலே, பாத்கேட் என்னும் சிற்றூரில், ரொட்டி சுட்டு விற்கும் எளிய குடும்பமொன்றில், 1811-ம் ஆண்டு ஜூன் மாதம் 7-ம் தேதி ஜேம்ஸ் ஸிம்ஸன் பிறந்தார். தந்தையும் தமையன்மாரும் தம் உழைப்பின் பயனை அவர் கல்விக்கு ஈந்தமையால், பதினான்காம் வயதிலேயே எடின்பரோ சர்வகலாசாலையிற் சேர்ந்தார்.

அந்நாளில் சஸ்திர சிகிச்சை எத்துணைக் கொடியதென்பதை நாம் எண்ணிப் பார்த்தலும் அரிது. நோயாளி முழு உணர்வோடு கிடப்பார்; பிறர் அவரை அழுத்திப் பிடித்துக்கொள்வர்; வைத்தியர் விரைந்து அறுப்பார். மலைநாட்டுப் பெண்ணொருத்தியின் மார்பில் இவ்வாறு கத்தி செல்லக் கண்ட மாணவர் ஸிம்ஸன், மனங்கலங்கி, வைத்தியத்தைத் துறந்து நீதிமன்ற எழுத்தராகிவிடத் துணிந்தார் என்று அவர் சரித்திரம் கூறும். எனினும், இந்நோவைத் தணிக்க வழியில்லையோ என்னும் வினாவோடு அவர் திரும்பி வந்தார்.

1840-ம் ஆண்டில், தமது 28-வது வயதில், பிரசவ வைத்தியப் பேராசிரியரானார். 1846-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதரால் நோயாளியை உணர்விழக்கச் செய்தார். அடுத்த ஜனவரியிலேயே ஸிம்ஸன் அதனைப் பிரசவத்திற் பயன்படுத்தினார். அதனினும் நல்ல மருந்தொன்றை நாடி, பலவித ஆவிகளைத் தாமே முகர்ந்து சோதித்தார். 1847-ம் ஆண்டு நவம்பர் 4-ம் தேதி இரவு, தம் வீட்டு உணவறையில், நண்பர் இருவரோடு குளோரோபாரத்தை முகர்ந்தார். சிறிது நேரத்தில் மூவரும் நிலத்திற் சாய்ந்தனர். கண்விழித்ததும், தாம் தேடியது கிடைத்ததென்று உணர்ந்தார். சில நாட்களுக்குள் அம்மருந்து பிரசவத்திலும் சஸ்திர சிகிச்சையிலும் வழங்கலாயிற்று.

எதிர்ப்பும் எழுந்தது. பிரசவ வேதனை ஏவாளுக்குத் தேவன் விதித்தது. அதனை நீக்கல் தகாதென்றனர் சிலர். வேத வசனத்தை வேத வசனங்கொண்டே ஸிம்ஸன் விளக்கினார். அவ்விடத்து எபிரெய மொழிச் சொல் உழைப்பின் வருத்தத்தைக் குறிப்பதென்றும், ஆதாமின் விலாவெலும்பை எடுக்குமுன் தேவனே அவனை அயர்ந்து உறங்கச் செய்தாரென்றும் எடுத்துரைத்தார். முள்ளைக் களைந்து பயிரிடுதல் பாவமன்றெனில், நோவைக் களைதல் எங்ஙனம் பாவமாகும்? 1853-ம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரே, ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் கையால், பிரசவத்தின்போது குளோரோபாரம் ஏற்றார். அதன்பின் எதிர்ப்பு தளர்ந்தது.

எனினும் அம்மருந்து தீங்கற்றதன்று. 1848-ம் ஆண்டு ஜனவரி மாதத்திலேயே, கால்நகம் எடுக்கச் சென்ற 15 வயதுச் சிறுமி ஒருத்தி அதனை முகர்ந்து உயிர்நீத்தாள். இதயத்திற்கும் ஈரலுக்கும் ஊறு செய்வதால், பின்னாளில் அது கைவிடப்பட்டது. இன்று, தண்டுவடத்தைப் போர்த்த உறைக்கு வெளியே மெல்லிய குழாய்வழி மருந்து செலுத்தி, தாய் விழித்திருக்கவே பிரசவ நோவைத் தணிக்கின்றனர். பெரிய சஸ்திர சிகிச்சைகளிலும் அம்முறை துணைசெய்கிறது. மருந்து மாறிற்று, ஸிம்ஸன் எழுப்பிய வினா மாறவில்லை.

1870-ம் ஆண்டு மே மாதம் 6-ம் தேதி அவர் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் அளிக்க முன்வந்தும், குடும்பத்தார் அவரை எடின்பரோவிலேயே அடக்கம் செய்தனர். பிறர் துயர் கண்டு கலங்காதார் நம்முள் அரியர். கலங்கி விலகுவாரோ பலர். விலகிய ஸிம்ஸன் திரும்பி வந்தார். அவ்வாறு திரும்பி வருதலையே அவர் வாழ்க்கையினின்று நாம் கற்கக் கடவோம்.