ஸ்டூ அங்கர்: வெறும் 5, 4-ஐ வைத்து உலக சாம்பியன் ஆனது எப்படி?

கையில் இருப்பது இஸ்பேடு 5, இஸ்பேடு 4. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே இரண்டு முறை போக்கர் உலக சாம்பியனான டாய்ல் பிரன்சன். இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யாராவது பணம் கட்டுவார்களா? 1980-ல் லாஸ் வேகஸில் 26 வயது ஸ்டூ அங்கர் கட்டினார். ஜெயிக்கவும் செய்தார்.

யார் இவர்?

1953-ல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பிறந்தவர். அப்பா பந்தயம் பிடிக்கும் புக்கி. பதின்ம வயதிலேயே அப்பாவை இழந்த அங்கர், படிப்பை விட்டுவிட்டு சீட்டையே பிழைப்பாக்கிக்கொண்டார். இருவர் ஆடும் ஜின் ரம்மியில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு கட்டத்தில் அவரோடு ஆட யாருமே வரவில்லை. அப்படித்தான் போக்கர் பக்கம் திரும்பினார்.

அந்த ஆட்டத்தில் என்ன நடந்தது?

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு. மேசையில் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. அன்று முதல் மூன்றாக வந்தவை ஏஸ், 7, 2. பிரன்சன் கையில் ஏஸும் 7-ம். இரண்டு ஜோடி, பலமான கை.

அங்கருக்குத் தேவை ஒரு 3. வந்தால் ஏஸ்-2-3-4-5 என ரம்மி சீக்வென்ஸ் மாதிரி ஒரு வரிசை அமையும். அவர் பார்க்காத 47 சீட்டில் 3 இருப்பது நான்குதான். கிட்டத்தட்ட 12 முறைக்கு ஒரு முறை. ஆனாலும் பிரன்சன் வைத்த பந்தயத்துக்கு ஈடு கட்டினார். 3 விழுந்தது. பிரன்சனின் மீதி சிப்ஸும் உள்ளே வந்தது. பரிசு 3,65,000 டாலர்.

இது வெறும் குருட்டு அதிர்ஷ்டமா?

இல்லை. இரண்டு ஜோடி வைத்திருப்பவர் ஒரு சாதாரண 3-ஐப் பார்த்துப் பயப்பட மாட்டார், இருப்பதையெல்லாம் வைத்துவிடுவார். அதாவது, வரவில்லை என்றால் இழப்பு சின்னது, வந்தால் வரவு பெரியது.

பொதுச் சீட்டு திறப்பதற்கு முன்பே ஒருவர் பந்தயத்தை உயர்த்தும்போதும் இதே கணக்குதான். உங்களிடம் 6, 6 இருக்கிறது. அவர் 300 ரூபாய் வைக்கிறார். முதல் மூன்று சீட்டில் இன்னொரு 6 வர வாய்ப்பு சுமார் 12 சதவீதம், எட்டரை முறைக்கு ஒன்று. ஒரு முறை வருவதற்குள் ஏழரை தடவை 300 போகும். மொத்தம் 2,250 ரூபாய். அவரிடம் மீதி 1,500-தான் இருக்கிறது என்றால், முழுசாக ஜெயித்தாலும் கட்டுப்படியாகாது. 6,000 இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் அவர் ஒவ்வொரு முறையும் முழுசாக மாட்டிக்கொள்ள மாட்டார் என்பதால், கட்டுவதைப் போல 15, 20 மடங்காவது அவரிடம் மீதி இருக்க வேண்டும் என்பது ஆட்டக்காரர்களின் தோராயக் கணக்கு. அவருக்குப் பிறகு ஆடும் இடத்தில் நீங்கள் இருந்தால் இன்னும் நல்லது.

மிக முக்கியமான நிபந்தனை: எதிர்பார்த்த சீட்டு வரவில்லை என்றால், போனது போகட்டும் என்று கையைக் கீழே போட்டுவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வைக்கக் கூடாது. அதைச் செய்ய முடியாதவருக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது.

அதன் பிறகு?

1981-லும் அங்கர்தான் சாம்பியன். ஆனால் மேசையில் ஜெயித்தது குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டு சூதாட்டத்திலும் கொக்கைனிலும் கரைந்தது. 1990 உலகப் போட்டியின் நடுவே ஹோட்டல் அறையில் மயங்கிக் கிடந்தார். ஏற்கெனவே சேர்த்துவைத்த சிப்ஸ் அவ்வளவு இருந்ததால், ஆள் வராமலேயே ஒன்பதாம் இடம் கிடைத்தது.

1997-ல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலரை நண்பர் ஒருவர் கட்டினார். அங்கர் மூன்றாவது முறையாகப் பட்டம் வென்றார். 10 லட்சம் டாலரில் பாதி நண்பருக்குப் போனது. மீதியும் சில மாதங்கள்கூட தாக்குப்பிடிக்கவில்லை.

1998 நவம்பர் 22. லாஸ் வேகஸின் ஒரு சாதாரண மோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 45. வருடக்கணக்கான போதைப் பழக்கம் இதயத்தைக் கெடுத்திருந்தது. இறுதிச் சடங்குக்கு நண்பர்கள்தான் பணம் திரட்டினார்கள்.

எந்தச் சீட்டை எப்போது கீழே போட வேண்டும் என்பது அவருக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும். மேசையை விட்டு எழுந்த பிறகுதான் அது முடியாமல் போனது.