காலணா இதழ்: அயோத்திதாசப் பண்டிதர்

1907ஆம் ஆண்டு ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்க வார இதழ் ஒன்று வெளிவந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவிற்கு நான்கு பைசா என்று கணக்கிட்ட காலம் அது. அவ்விதழின் விலை காலணா, அதாவது ஒரு பைசா. அந்த விலையே அதற்குப் பெயராகவும் அமைந்தது. ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் அவ்விதழைத் தொடங்கியவர் 62 வயது நிரம்பிய சித்த மருத்துவர் ஒருவர். அவரே அயோத்திதாசப் பண்டிதர்.

இளமையும் கல்வியும்

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சென்னையில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த அயோத்திதாசக் கவிராச பண்டிதரின் மீது கொண்ட பற்றினால் ஆசிரியர் பெயரையே தம் பெயராக ஏற்றார். பாலி, வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் புலமை பெற்றார். மருத்துவராக இராயப்பேட்டையில் அவர் பெற்ற நன்மதிப்புக்கு ஒரு சான்று உண்டு. கை கால் முடங்கிய நிலையில் இருந்த சிறுவன் ஒருவன் அவரது மருத்துவத்தால் நலம் பெற்றான். பின்னாளில் தமிழ் இதழியலில் புகழ்பெற்ற திரு.வி.க.வே அச்சிறுவர்.

இளமையில் நீலகிரியில் சில காலம் வாழ்ந்தபோதே பண்டிதரின் பொதுப்பணி தொடங்கிவிட்டது. 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவி, அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் உதகையில் அதன் மாநாட்டைக் கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வியும் அரசுப் பணியும் வேண்டும் என்னும் கோரிக்கைகள் அங்கே தீர்மானங்களாயின. 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார்.

ஒரு பைசாவின் பயணம்

சங்கமும் மாநாடும் இருக்க, இதழ் எதற்கு? மாநாட்டிற்கு வந்தவர் சில நாளில் ஊர் திரும்பிவிடுவர். அங்குப் பேசியதை வாரந்தோறும் நினைவூட்ட ஏதேனும் ஒன்று வேண்டும் என்பதைப் பண்டிதர் முன்பே உணர்ந்திருந்தார். 1885இலேயே ஜான் இரத்தினம் என்பவரோடு இணைந்து ‘திராவிட பாண்டியன்’ என்னும் இதழில் உழைத்தவர் அவர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தொடங்கிய ‘பறையன்’ இதழ், அவர் கடல் கடந்து சென்றதையொட்டி 1900இல் நின்றுபோனது. சென்னையில் ‘சுதேசமித்திரன்’ அப்போது நாளிதழாகவே வளர்ந்திருந்தது. ஆயினும், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பில் பள்ளி இல்லை என்பதோ, பொதுக் கிணற்றில் நீர் மறுக்கப்பட்டது என்பதோ பெரிய இதழ்களில் அரிதாகவே இடம்பெற்றது. அந்த வெற்றிடத்தைத்தான் காலணா இதழ் நிரப்ப முயன்றது.

முதற்பார்வைக்கு அது எளிய தாள்தான். ஆனால் அதனுள் இருந்தவை பல. நாட்டு நடப்பு, வரலாற்றுத் தொடர், திருக்குறளுக்குப் புத்துரை, பெண் கல்வி, மருத்துவம், கிளைச் சங்கங்களின் கூட்டச் செய்தி ஆகியவற்றோடு வாசகர் வினாக்களுக்கு விடைகளும் இடம்பெற்றன. தம் ஐயத்தை எழுதியனுப்பிவிட்டு, அது அச்சில் வருமா என ஒருவர் அடுத்த புதன்கிழமையை எதிர்நோக்கியிருக்கலாம். பள்ளிக்குள் நுழையவே தடை இருந்த காலத்தில், தம் பெயரை அச்சில் காண்பது சிறிய செய்தியன்று.

ஓராண்டுக்குப் பின், வாசகர் வேண்டுகோளை ஏற்று, 1908 ஆகஸ்ட் 26 முதல் இதழின் பெயர் ‘தமிழன்’ என மாறியது. இராயப்பேட்டையில் பிறந்த அவ்விதழ் கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழர் பிழைக்கச் சென்ற இடங்களுக்கெல்லாம் சென்றது. கோலாரில் சுரங்கத்தில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து குடியேறிய ஒடுக்கப்பட்ட மக்கள். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றியமர்ந்து கேட்பது அக்கால வழக்கம். ஆகவே, விற்ற படிகளைக் கொண்டு இத்தகைய இதழின் வாசகரை எண்ணிவிட இயலாது. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிப்பெயரை விடுத்துத் தம்மைப் பௌத்தர் எனப் பதிவு செய்யுமாறு பண்டிதர் அறிவுறுத்தியதும் இவ்விதழின் வழியாகவே.

தம் குடும்பத்துச் செய்தி ஒன்றையும் அவர் இதழில் எழுதிவைத்தார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பணியாற்றியவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் அந்த ஆங்கிலேயரிடம் அளித்தார் என்றும், அதுவே எல்லீசரின் கைக்குச் சென்றது என்றும் பண்டிதர் குறிப்பிடுகிறார். குறள் சுவடி ஒன்று ஒரு சமையற்பணியாளரின் வீட்டில் காக்கப்பட்டிருந்தது என்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் எளிதில் கடந்துபோகத்தக்க செய்தியன்று. அச்செய்திக்கு இருப்பிடம் தந்தது அந்தக் காலணா இதழே.

இதழ் நின்றபின்

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவருடைய மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பின்னர் அது நின்றது. ஆசிரியர், எழுத்தாளர், மேற்பார்வையாளர் என எல்லாப் பொறுப்பையும் ஒருவரே சுமந்த இதழ்கள் பெரும்பாலும் அவரோடு முடிவடைகின்றன. ‘தமிழன்’ இதழின் வலிமையும் வலுவின்மையும் அந்த ஒரே இடத்தில் இருந்தன.

நின்றது தாள் மட்டுமன்று. கோலார்ச் செய்தியை இரங்கூனிலும் இரங்கூன் செய்தியை இராயப்பேட்டையிலும் அறிந்துகொள்ள இருந்த பொதுவழி அடைபட்டது. சங்கங்கள் இருந்தன, ஒன்றின் குரல் மற்றொன்றுக்கு எட்டவில்லை. வாசகர் வினாக்களை அனுப்ப முகவரி இல்லை. கோலார்த் தொழிலாளர்கள் இதனை எளிதில் விட்டுவிடவில்லை. 1926இல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலேயே ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்து சில ஆண்டுகள் நடந்தது. பண்டிதரின் எழுத்துகள் சிலவற்றை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை சிறு நூல்களாக அச்சிட்டது. அவ்விதழும் நின்றபின், தமிழகப் பொதுவாழ்வில் பண்டிதரின் பெயர் ஏறத்தாழ மறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தமிழ் இதழியலைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவற்றில் அவருக்கு ஒரு வரியும் கிட்டவில்லை. கந்தப்பன் அளித்த சுவடியின் கதையும் அவரோடு மறைந்து கிடந்தது.

மீட்டவர்கள் பழைய வாசகர்களின் வழித்தோன்றல்களும் ஆய்வாளர்களுமே. பெட்டிகளிலும் பரண்களிலும் கிடந்து மஞ்சளேறிய இதழ்களை அன்பு பொன்னோவியம் முதலியோர் தேடித் திரட்டினர். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. பண்டிதர் மறைந்து அப்போது 85 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2005இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.