கை மடங்கியும் வரைந்த ரெனுவார்: முடக்குவாதம் வந்தால் முழங்கை என்னாகும்?

பிள்ளையார்பாளையத்துத் தறியில் நெசவாளர் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர மாட்டார். நெய்து முடித்த பட்டு படமரத்தில் சுற்றிக்கொள்ள, அடுத்த சாண் பாவு கைக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிடும். கிட்டத்தட்ட இதே உத்தியைப் பிரான்ஸில் ஓர் ஓவியர் பயன்படுத்தினார். பெரிய கேன்வாஸை உருளைகளில் சுற்றி, கைப்பிடியைத் திருப்பி, வரைய வேண்டிய பகுதியைத் தன் கைக்கு நேரே வரவழைத்தார். கையைத் தூக்க முடியாதவருக்கு வேறு வழி ஏது? அவர்தான் பியர் ஓகுஸ்ட் ரெனுவார்.

1841-ல் லிமோஜ் நகரில் பிறந்தார். அப்பா தையல்காரர், அம்மாவும் தையல் வேலை. 13 வயதில் பாரிஸில் பீங்கான் பாத்திரங்களில் பூ வரையும் தொழிலுக்குப் போனார். மெஷின் அச்சு வந்ததும் அந்த வேலை போச்சு. பவர்லூமைப் பார்த்த காஞ்சிபுரத்துக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஓவியம் படித்தார், மோனேயுடன் சேர்ந்தார், இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களில் முக்கியமானவர் ஆனார்.

சுமார் 50 வயதில் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதம். இது அதிக வேலையால் வரும் தேய்மானம் இல்லீங்க. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்கும் நோய். விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கின, வலது தோள் இறுகியது. குளிருக்குப் பயந்து தெற்கே கான்யே ஊரில் குடியேறினார். 1912 முதல் சக்கர நாற்காலிதான்.

தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டு வரைந்தார் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். உண்மை வேறு. அந்தத் துணிக்கட்டு, மடங்கிய விரல்கள் உள்ளங்கைத் தோலைப் புண்ணாக்காமல் இருக்க. தூரிகையைப் பக்கத்தில் இருப்பவர் விரலிடுக்கில் வைப்பார். 1915-ல் சாஷா கித்ரி எடுத்த மௌனப் படத்தில் இதைப் பார்க்கலாம்.

ஒரு டாக்டர் அவரைச் சில அடிகள் நடக்கவே வைத்துவிட்டாராம். ஆனால் நடக்கவே எல்லா மனபலமும் செலவாகிறது, வரைய எதுவும் மிஞ்சாது என்று சொல்லி, நாற்காலிக்கே திரும்பிவிட்டார். மகன் ழான் ரெனுவார் எழுதிய நினைவுக் குறிப்பில் இருக்கும் சம்பவம் இது.

சரி, இன்று என்றால்? முதலில் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள். சீக்கிரம் ஆரம்பித்தால், பெரும்பாலானோருக்கு மூட்டு இந்த நிலைக்கே போகாது. அதையும் மீறி முழங்கை சிதைந்தால் செயற்கை மூட்டு. தோளும் மணிக்கட்டும் இறுகியவருக்குச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதே முழங்கைதான். முடக்குவாத நோயாளிகளில் இதன் பலன் நல்லது: அனுபவமுள்ள மருத்துவமனைகளில் 10 ஆண்டுக்குப் பிறகும் பத்தில் சுமார் ஒன்பது மூட்டுகள் நிலைக்கின்றன. ஆனால் இடுப்பு, முழங்கால் மாற்றத்தைவிடச் சிக்கல்கள் அதிகம். கிருமித் தொற்று வரலாம், மூட்டு தளரலாம், முழங்கை இடித்தால் சுண்டுவிரல்வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு பாதிக்கப்படலாம்.

பலரும் கேட்க மறப்பது எடைக் கணக்கை. பொதுவாக ஒரே தடவையில் சுமார் 5 கிலோவுக்கு மேலும், திரும்பத் திரும்ப 1 கிலோவுக்கு மேலும் ஆயுள் முழுக்கத் தூக்கக் கூடாது என்பார்கள். ரெனுவாரின் தூரிகைக்கு இது தாராளம். நாள் முழுக்க அச்சுப் பலகையை இழுத்து அடிக்கும் நெசவாளருக்கு? வலி தீரலாம், தறி கைவிட்டுப் போகலாம். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே தொழிலைச் சொல்லி டாக்டரிடம் பேசிவிடணும்.

ரெனுவாருக்கு இந்த மருந்தும் இல்லை, மூட்டும் இல்லை. 1913 முதல் ரிச்சர்ட் கினோ என்ற இளம் சிற்பியின் கைகளைக் கொண்டு, தான் சொல்லச் சொல்லச் சிற்பங்களும் செய்தார். 1919 டிசம்பர் 3 அன்று, 78 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் முடித்த 'குளிக்கும் பெண்கள்' இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் ஐந்தடிக்கும் மேல்.