ஆலன் வில்சன்

ஆலன் சார்லசு வில்சன் (அக்டோபர் 18, 1934 – சூலை 21, 1991) நியூசிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலாளர் ஆவார். பெரிதும் புதைபடிவங்களையே நம்பியிருந்த படிவளர்ச்சி ஆய்வில், புரதங்களையும் டி.என்.ஏ-வையும் சான்றுகளாக முன்வைத்தவர்களுள் இவர் முதன்மையானவர். மனித இனத்தின் தோற்றம் பற்றிய ஆய்வுகளால் பரவலாக அறியப்பட்டாலும், பாலூட்டிகளின் லைசோசைம் நொதிக் குடும்பத்தைப் பற்றிய இவரது பணி அவற்றுக்குக் குறைந்ததன்று.

இளமையும் கல்வியும்

நகாருவாகியா என்னும் ஊரில் பிறந்த வில்சன், புக்கெகோகே அருகே பால் பண்ணை ஒன்றில் வளர்ந்தார். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டமும், 1961 இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் பிராண்டைசு பல்கலைக்கழகத்தில் நாதன் காப்லானிடம் லாக்டேட் டிஹைட்ரஜனேசு நொதியின் வகைகளை ஆராய்ந்தார். 1964 இல் பெர்க்லிக்குத் திரும்பிய இவர், இறக்கும் வரை அங்கேயே பணியாற்றினார்.

மூலக்கூற்றுக் கடிகாரம்

1967 இல் மானிடவியல் மாணவர் வின்சென்ட் சாரிச்சுடன் இணைந்து, குருதியிலுள்ள ஆல்புமின் புரதத்தை ஒப்பிட்டு, மனிதரும் ஆப்பிரிக்க மனிதக் குரங்குகளும் ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்தனர் என்று கணித்தார். சிவாலிக் மலைப் பகுதியில் கிடைத்த ராமாபித்தேக்கசு என்னும் புதைபடிவத்தை மனிதரின் மூதாதை எனக் கருதிய தொல்லுயிரியலாளர்கள், இப்பிரிவு 1.5 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று நம்பினர். எலும்பையே காணாத ஒரு வேதியியலாளரின் கணக்கை அவர்கள் எளிதில் ஏற்கவில்லை. 1980களில் கிடைத்த புதிய படிவங்கள் ராமாபித்தேக்கசு ஒராங்குட்டானின் உறவினம் எனக் காட்டிய பின்னரே வாதம் அடங்கியது. இன்றைய மதிப்பீடுகள் 50 இலட்சத்தைவிடச் சற்றுக் கூடுதல் எனினும், வில்சனின் பக்கமே நிற்கின்றன.

லைசோசைம் ஆய்வுகள்

கண்ணீர், உமிழ்நீர், முட்டை வெண்கரு ஆகியவற்றில் உள்ள லைசோசைம், பாக்டீரியாக்களின் செல்சுவரை உடைக்கும் காப்பு நொதியாகும். மாடு போன்ற அசைபோடும் விலங்குகளில் இதற்கு வேறொரு வேலையும் உண்டு. முன் இரைப்பைகளில் பாக்டீரியாக்கள் தீவனத்தை நொதிக்கச் செய்கின்றன. பின்னர் அப்பாக்டீரியாக்களே உண்மையான இரைப்பைக்கு வந்து சேர்கின்றன. அங்கே லைசோசைம் அவற்றை உடைத்துத் திறப்பதால், அவற்றிலுள்ள நைட்ரசன், பாசுபரசு முதலியன விலங்குக்கு உணவாகின்றன. இவ்வேலைக்கு அமிலத்தில் செயற்படுவதும் பெப்சினால் சிதைக்கப்படாததுமான நொதி தேவை.

மனிதரில் வழமையான லைசோசைமுக்கு ஒரே மரபணுவே உள்ளது. மாட்டில் ஏறத்தாழ 10 மரபணுக்கள் உள்ளன என்றும், அவற்றுள் சில இரைப்பையில் செயற்படுகின்றன என்றும் வில்சனின் குழு கண்டறிந்தது. பழைய மரபணு இரட்டித்துப் பெருகியதால், காப்புப் பணியைக் கைவிடாமலே செரிமானப் பணிக்குப் புதிய நொதிகள் கிடைத்தன எனலாம்.

இலையுண்ணும் சாம்பல் மந்தியும் முன்குடலில் நொதித்தல் நடத்தும் விலங்கே. மாட்டுக்கும் மந்திக்கும் நெருங்கிய உறவு இல்லை. ஆயினும் இரண்டின் இரைப்பை லைசோசைம்களிலும் ஒரே இடங்களில் ஒரே அமினோ அமில மாற்றங்கள் தனித்தனியே நிகழ்ந்திருப்பதை 1987 இல் இக்குழு வெளியிட்டது. புரத அளவில் குவி படிவளர்ச்சிக்குப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டாக இது விளங்குகிறது.

பாலிலுள்ள லாக்டோசு உருவாக உதவும் ஆல்ஃபா-லாக்டால்புமினும் லைசோசைமிலிருந்து கிளைத்ததே. அக்கிளை பாலூட்டிகளோடு தோன்றியதன்று, பறவைகளின் கால்வழியும் பாலூட்டிகளின் கால்வழியும் பிரிவதற்கு முன்னரே தோன்றியது என்று எல்லன் பிரேகருடன் 1988 இல் காட்டினார். பாலுக்கான மரபணு பாலுக்கு முந்தியது என்பது வியப்பூட்டும் முடிவே.

பிற பணிகள்

1984 இல் இவரது ஆய்வகம், 1883 இல் அற்றுப்போன குவாக்கா என்னும் வரிக்குதிரையின் அருங்காட்சியகத் தோலிலிருந்து டி.என்.ஏ-வைப் பிரித்தெடுத்தது. 1987 இல் ரெபெக்கா கான், மார்க் சுடோன்கிங் ஆகியோருடன், 147 பேரின் இழைமணி டி.என்.ஏ-வை ஒப்பிட்டு, அனைவரின் தாய்வழியும் ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் சேர்கிறது என்றார். அக்காலத்தில் அவர் ஒருவரே வாழ்ந்த பெண் என்று இதைப் பொருள்கொள்வது தவறு.

இறப்பு

வெண்குருதிப் புற்றுநோயால் தமது 56 ஆவது அகவையில் சியாட்டில் நகரில் வில்சன் காலமானார். தென் அமெரிக்காவின் இலையுண்ணும் பறவையான ஒவாட்சினின் இரைப்பை லைசோசைமிலும் மாட்டை ஒத்த மாற்றங்கள் உள்ளன என்று கண்ட ஆய்வுக் கட்டுரை, இவரது பெயரையும் தாங்கி 1994 இல் வெளியானது.