பழைய பெயருக்குச் செவி சாய்க்காதவர்

அப்துர் ரஹ்மான் என்னும் பெயர் நம் இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கின்றது. பெற்றோர் சூட்டிய பெயருக்காக நீங்களும் நானும் எந்த விலையும் கொடுத்ததில்லை. ஆனால், ஏறத்தாழ முப்பது வயதில் இப்பெயரை ஏற்று, அதன் பொருட்டு நெடுநாள் நண்பனுடன் பிணங்க நேர்ந்த ஒருவரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சுவனத்தின் நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவரான ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களே அவர்.

அறியாமைக் காலத்தில் அவருடைய பெயர் அப்து அம்ர். அம்ரின் அடிமை என்பது பொருள். அப்துல் கஅபா என்று கூறுவோரும் உளர். அபூபக்கர் (ரலி) அவர்களின் அழைப்பால் இஸ்லாத்தைத் தழுவியபோது, படைப்புக்கு அடிமை என்னும் பெயரை மாற்றி, அளவற்ற அருளாளனின் அடிமை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயர் சூட்டினார்கள்.

மக்கத்துத் தலைவன் உமையா பின் கலஃபுக்கு இது பொறுக்கவில்லை. தந்தை இட்ட பெயரையா வெறுக்கிறாய் என்று கேட்டான். ரஹ்மான் யாரென்றே தனக்குத் தெரியாது என்றான். குறைஷியர் அந்தத் திருநாமத்தை மறுத்ததைத் திருமறையின் 25-வது அத்தியாயத்திலும் காணலாம். பழைய பெயரால் அவன் அழைக்கும்போதெல்லாம் இவர் திரும்பிப் பாரார். முடிவில் இருவரும் அப்துல் இலாஹ், அதாவது இறைவனின் அடிமை, என்னும் பெயருக்கு இசைந்தனர். இது இப்னு இஸ்ஹாக் தரும் செய்தி. ஹிஜ்ரத்துக்குப்பின், ஒருவர் பொருளை மற்றவர் காப்பதென எழுதிய உடன்படிக்கையில், உமையாவின் வற்புறுத்தலால் அப்து அம்ர் என்றே எழுதினார் என்று புகாரியில் வருகிறது. இரண்டையும் மறைக்காமல் பதிந்து வைத்த நூலோரின் நேர்மையை நாம் போற்றத்தான் வேண்டும்.

ஹிஜ்ரி 2, ரமலான் மாதம் (கி.பி. 624). பத்ருப் போர் முடிந்த வேளை. எதிரிகளிடம் கைப்பற்றிய இரும்புக் கவசங்களைச் சுமந்து வந்துகொண்டிருந்தார். மகனுடன் நின்ற உமையா, அப்து அம்ரே என்று கூவினான். உயிருக்கே அஞ்சிய கூக்குரல்தான். ஆயினும் இவர் திரும்பவில்லை. அப்துல் இலாஹ் என்றழைத்த பின்னரே விடை கொடுத்தார். கவசங்களைவிடத் தன்னைச் சிறைப்பிடித்தால் ஆதாயம் மிகுதி என்றான் அவன். அவற்றை எறிந்துவிட்டு, இருவர் கைகளையும் பற்றி நடந்தார்.

அப்போது பிலால் (ரலி) அவர்கள் கண்டுவிட்டார்கள். சுடுமணலில் தம்மைக் கிடத்திப் பாறையை மார்பில் ஏற்றியவனை அவர்களால் மறக்க இயலுமா? குரல் கேட்டு அன்சாரிகள் சூழ்ந்தனர். உமையாவைக் கீழே அமர்த்தி, அவன்மீது தம் உடலையே கேடயமாகக் கவிழ்த்தார் அப்துர் ரஹ்மான் (ரலி). வாள்கள் அவருக்குக் கீழாகப் பாய்ந்தன. உமையா மாண்டான், அவன் மகனும் மாண்டான். இவருடைய காலிலும் ஒரு வெட்டு விழுந்தது.

வெறுங்கையுடன் மதீனா வந்து, பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கியவர் பெருவணிகரானார். மூன்றாம் கலீஃபாவைத் தேர்ந்தெடுத்த அறுவர் குழுவிலும் இடம்பெற்றார். ஹிஜ்ரி 32-ல் மறைந்து, ஜன்னத்துல் பகீஇல் அடங்கினார். பத்ரை நினைவுகூரும்போதெல்லாம் பிலாலுக்கு (ரலி) அல்லாஹ் அருள்புரிவானாக என்று வேண்டுவார். அவரால் என் கவசங்களும் போயின, கைதிகளும் போயினர் என்றும் சேர்த்துச் சொல்வாராம்.